தகர டப்பா வேலி

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாற்பத்தெட்டு நாள், காலையில் ஒரு மணி நேரம், அசையாமல் தரையில் உட்கார்ந்து முடித்தவருக்குத்தான் தீட்சை. வடிவம்மாள் மூன்றாவது முறையாக முயன்று, பதினோராம் நாளே எழுந்துவிட்டாள்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். ஆறு வருடமாக அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புக்குள் வலி. உட்கார்ந்தால் நெருப்பாக எரியும். முதலில் உள்ளே ஏதோ புண் இருந்தது. அது ஆறியது, வலி போகவில்லை. கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போதும் போகவில்லை.

மடத்து ஆட்கள் எல்லாப் பற்றையும் விட்டவர்கள். யார் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்ற கணக்கை மட்டும் விடமாட்டார்கள். "மனசு அடங்கல, அதான் வலி" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பாவம், அவளும் அதை நம்பித் தொலைத்தாள்.

துணிப்பையை எடுத்துக்கொண்டு மடத்தை நடத்தும் சாமியிடம் போனாள். சாமி அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வாழைத்தோட்டத்தில் சருகு அறுத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்புதேன் சாமி."

"எங்க?"

"எங்கயாவது. இனி உயிரோட இருந்துதான் என்ன செய்ய? வீட்லயும் நம்பல. இங்கயும் நம்பல."

சாமி அரிவாளைக் கீழே வைத்தார்.

"உக்காரும்போது என்னம்மா செய்வீங்க?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு, கீழ எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்குவேன். வலி வந்துரக் கூடாதேன்னு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"புண்ணு ஆறிட்டாம். நரம்புதான் பழக்கத்துல இன்னும் கத்திக்கிட்டு இருக்காம். அப்படின்னா என் வலி பொய்னுதான சாமி அர்த்தம்?"

சாமி வாயெடுப்பதற்குள் வேலிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்த தகர டப்பாக்கள் கடகடவென்று அடித்தன. சாமி ஓடினார். வடிவம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

வேலிக் கம்பியின் மேல் ஓர் அணில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சாமிக்கு மூச்சு வாங்கியது. கை நடுங்கியது. அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"ஒம்பது வருசத்துக்கு முன்ன இங்க யானை வந்துச்சு," என்றார். "சமையல் பார்த்த சொடலையாண்டி அண்ணாச்சிய மிதிச்சுக் கொன்னுட்டு. அதுக்குப் பொறவு கட்டுன கம்பி இது."

"பொறவும் வந்துச்சா?"

"மேல அகழி வெட்டியாச்சு. வரவே இல்ல."

"அப்ப எதுக்கு அடிக்கு?"

"மொதல்ல யானை முட்டுனாத்தான் அடிக்கும். எங்களுக்குப் பயம், கம்பிய இன்னும் கொஞ்சம் இறுக்குனோம். பன்னிக்கு அடிச்சுது. அந்தச் சத்தத்துல பயந்து இன்னும் இறுக்குனோம். இப்ப அணிலுக்கும் அடிக்கு. காத்துக்கும் அடிக்கு."

அவள் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அடிச்சது பொய்யாம்மா?"

"இல்லையே. காதால கேட்டேனே."

"யானை?"

"இல்ல."

சாமி கையை நீட்டிக் காட்டினார். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"இது பொய்யா?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளை நம்பினார். அதில் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். அழுகைதான் வந்தது.

"இந்தச் சனியன அறுத்துப் போட்டுருங்க சாமி."

"நெசமாவே யானை வந்தா?"

"அப்ப தளர்த்தலாம்லா?"

"தளர்த்திக்கிட்டுத்தான் இருக்கேன். ஒம்பது வருசத்து முறுக்கு, துருப்பிடிச்சுக் கெடக்கு. அவசரப்பட்டா அறுந்துரும்."

"எப்ப சரியாகும்?"

"தெரியாது."

"ஆகாமலே போயிருமோ?"

"போகலாம்."

இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமி சொல்லவில்லை. வடிவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். துக்கம் போய் இப்போது கோபம் வந்திருந்தது.

"யானை இல்லன்னு ஒங்களுக்குத்தான் தெரியுமே சாமி. பொறவும் எதுக்கு ஓடுனீங்க?"

"தெரிஞ்சும் கால் ஓடிருது."

"அப்ப தெரிஞ்சுதான் என்ன பிரயோசனம்?"

சாமி நடுங்கும் கையைக் கம்பிமேல் வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"முன்னல்லாம் ஓடி வந்தா, கம்பிய இன்னொரு முறுக்கு முறுக்கிட்டுத்தான் திரும்பிப் போவேன். இன்னைக்கு முறுக்கல."