அரசருக்குப் பால் குடிக்க ஆலோசனை

வெகு காலத்துக்கு முன், கடலோரத்து நாடு ஒன்றில், அரசர் ஒருவர் விடியலில் எழுவார். பல் துலக்குவார். பால் குடிப்பார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். நெய்ப் பொங்கல் உண்பார். பொங்கல் வரும்வரை யார் எந்த ஓலையை நீட்டினாலும் படிக்காமல் அரக்கில் முத்திரை மோதிரத்தை அழுத்திவிடுவார். பசி நேரத்தில் எழுத்து தலைக்குள் ஏறாது என்பது அவர் கட்சி. பிறகு சபைக்குப் போவார். இதில் ஒரு நாளும் மாற்றம் இருந்ததில்லை.

அப்படி முத்திரை விழுந்த ஓலைகளில் ஒன்று விகடகவி தத்தனிடம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் நாகவல்லி. யானைக் கொட்டாரத்தில் சோற்றுக் கவளம் உருட்டுபவள். வயது இருபது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கப்பல் கிளம்பும் முன் துறைமுகக் கணக்கர் கரையில் பந்தல் போட்டு உட்காருவார். ஒரு பொற்காசு கொடுத்தாலும் கப்பலில் பங்கு உண்டு. கப்பல் திரும்பினால் பங்குக்கு ஏற்ப லாபம். சென்ற வருடம் அரண்மனைச் சமையற்காரன் ஒருவன் இருந்ததையெல்லாம் ஒரே ஓட்டைக் கப்பலில் போட்டு இழந்தான். அரசர் மனம் இரங்கினார். அந்த இரக்கத்தைச் சபையின் நிதி ஆலோசகர் அருணந்தி பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தன் வழியாக மட்டுமே பங்கு வாங்க வேண்டும் என்று ஓலை எழுதி நீட்டினார். பால் நேரம். முத்திரை விழுந்தது.

"இருபது காசு சேத்து வெச்சிருக்கேன், தத்தண்ணே," என்றாள் நாகவல்லி. "முப்பது ஆச்சுன்னா ஆத்தங்கரையில ஒரு துண்டு நிலம் வாங்கிக் கரும்பு போடுவேன். ரெண்டு வருஷமா நான் உருண்டை உருட்டுறேன், யானைக்குக் கரும்பு விக்கிறவன்தான் காசு பாக்குறான். அந்த ஐயாகிட்டப் போனா, சேரும்போது பத்துல ஒண்ணாம். வருஷா வருஷம் பத்துல ஒண்ணாம். விலகினாலும் பத்துல ஒண்ணாம். கப்பல் முழுகினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். 'அப்பவும் கட்டணம் உண்டும்மா'ன்னு சிரிக்கிறாரு."

"கையெழுத்துப் போட்டாயா?"

"நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்காரு."

தத்தன் சபைக்குப் போனான்.

அவன் சொன்னதை அரசர் பாதி கேட்டார். கணக்கு வந்ததும் கொட்டாவி விட்டார். அருணந்தி எழுந்தார். தத்தன் வாய் திறந்தால் சபை சிரிக்கும், தான் வாய் திறந்தால் சபை தூங்கும் என்பது அவருக்குப் பல நாள் வயிற்றெரிச்சல்.

"அரசே, விகடகவிக்கு இது விளங்காது. என் விதிகள் நியாயமானவை. தாங்களே முத்திரையிட்டு ஏற்கத் தக்கவை."

"தத்தா," என்றார் அரசர், "குறை சொல்வது எளிது. நாளை உச்சிப்பொழுதுக்குள் இதில் என்ன அநியாயம் என்று எனக்கு உறைக்க வேண்டும். ஆனால் கணக்குச் சொல்லக் கூடாது. கணக்கு எனக்கு ஆகாது. முடியாவிட்டால் மூட்டையைக் கட்டு."

அருணந்தி தாடிக்குள் சிரித்தார். கணக்கில்லாமல் கட்டணத்தை எப்படி விளக்குவான்?

மறுநாள் விடியலில் தத்தன் அரசரின் அறை வாசலில் நின்றான். ஓர் ஓலையை நீட்டினான். அரசர் மோதிரத்தை அழுத்தினார். பால் வந்தது.

"அரசே, பால் அருந்தலாம் என்பது என் ஆலோசனை," என்றான் தத்தன். கிண்ணத்தை வாங்கி ஊதி ஊதி ஒரு வாய் குடித்தான். மீதியைக் கொடுத்தான்.

அரசர் திகைத்தபடி குடித்தார். பால் கொதித்தது. நாக்கு சுட்டது.

"சுடுகிறதே!"

"அபாயம் தங்களுடையது, அரசே. கட்டணம் என்னுடையது."

எண்ணெய் வந்தது. குளிக்கலாம் என்று ஆலோசனை சொல்லி, ஒரு கை எண்ணெயைத் தன் தலையில் வைத்துக்கொண்டான். பொங்கல் வந்தது. உண்ணலாம் என்றான். முந்திரி இருந்த பக்கமாகப் பார்த்து ஒரு பிடி எடுத்துக்கொண்டான். சபை கூடியது. அரியணையில் அமரலாம் என்று சொல்லிவிட்டு, அரசர் அமர்ந்ததும் ஓரத்தில் தானும் ஒண்டிக்கொண்டான்.

அரசர் துள்ளித் திரும்பினார்.

"தத்தா! உனக்குப் பைத்தியமா?"

"தாங்கள் முத்திரையிட்ட ஒப்பந்தம், அரசே. அருணந்தியாரின் விதிகள். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பெயர்கள் மட்டும் வேறு."

"நாற்பது வருடமாகப் பால் குடிக்கிறேன். நீ சொல்லியா குடித்தேன்?"

"கப்பலும் அப்படித்தான், அரசே. அருணந்தியார் சொல்லி அது ஓடவில்லை."

அரசர் அவனைத் தோளால் தள்ளினார்.

"எழுந்து போ. ஒப்பந்தம் முடிந்தது."

"விலகல் கட்டணம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டில் பங்கு. மீன் வறுவல் என்று கேள்விப்பட்டேன்."

அரசர் அவனை முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை. சிரிப்பில் வயிறு குலுங்கியது. பிறகு அரியணையே குலுங்கியது, ஓரத்தில் இருந்த தத்தன் கீழே விழும்வரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அருணந்தியைப் பார்த்தார்.

"உங்கள் சொந்தப் பணத்துக்கு யார் ஆலோசகர்?"

"நான்... நேராகவே துறைமுகத்தில்... கணக்கரிடம்..."

"கட்டணம்?"

கட்டணம் இல்லை என்று அருணந்தி முனகினார். அரசர் மறுபடி சிரித்தார். இந்த முறை சபையும் சேர்ந்துகொண்டது.

பழைய ஆணை கிழிந்தது. ஆலோசனை வேண்டுமென்று கேட்பவர்களிடம் மட்டும், மொத்தக் கூலியை முதலிலேயே சொல்லி வாங்கலாம் என்று புது ஆணை எழுதப்பட்டது. அரசர் அதைப் படித்துவிட்டு முத்திரையிட்டார். தத்தனுக்கு நூறு பொன்னும் மீன் வறுவலும் கிடைத்தன. வாசலில் அருணந்தி நெருங்கி வந்து, நூறு பொன்னை எங்கே போடலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். தத்தன் நடையை எட்டிப் போட்டான்.

உச்சிப்பொழுதில் துறைமுகத்தில் நாகவல்லி நின்றிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது காசையும் கணக்கர் முன் வைத்தாள். தத்தன் தள்ளியே நின்றான்.

"எந்தக் கப்பல்மா?"

"எத்தனை போகுது?"

"பத்து."

"பத்துலயும் ரெண்டு ரெண்டு போடுங்க."

"ஒண்ணு ரெண்டு திரும்பாமப் போகலாம். தெரியுமில்ல?"

"தெரியும். மத்தது வரும்ல?"

கணக்கர் எழுதினார். ஓலையைக் கொடுத்தார். லாபம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த கப்பலில் போடச் சொன்னாள். எப்போது வந்து வாங்கிக்கொள்வாய் என்று கேட்டார்.

அவள் கடலை ஒரு தடவை பார்த்தாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு வர்றேன்ணே. நடுவுல நானே வந்து அழுதாலும் குடுத்துடாதீங்க."