மூன்றாவது வாக்குமூலம்

சிற்றம்பலம் போருக்கு முன் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். போரில் எல்லாம் போன பிறகு மலையடி மடத்துக்கு வந்து, தன்னைவிட வயதில் குறைந்த ஒரு பெண் துறவிக்குச் சீடரானார்.

ஒரு காலையில் இராசமலர் என்ற பெண்ணை அழைத்துக்கொண்டு குருவின் முன் வந்து நின்றார். போர் முடிவில் சரணடைந்த இடத்தில் இராசமலரின் மகனைப் படையினர் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

"மூண்டாவதா வந்த வெளிநாட்டு விசாரணைக் குழு என்னவாம்?" என்று கேட்டார் குரு.

"நம்ப ஏலாதாம், அம்மா."

"ஏனாம்?"

"முதல் வந்த குழுவிட்ட இவ அழுதா. தெளிவில்லை எண்டு எழுதினவை. ரெண்டாவது குழுவிட்ட மகன்ர சட்டை நீலம் எண்டு சொன்னா. முதல் பச்சை எண்டு சொல்லியிருக்கிறா. முரண்பாடு எண்டு எழுதினவை. அதாலதான் இந்த முறை நானே எல்லாத்தையும் தாளில எழுதிக் குடுத்து, ஆறு மாதம் பாடமாக்க வைச்சனான்."

"ஒரு சொல்லும் பிழை விடேல்ல," என்றார் இராசமலர். "அழவும் இல்லை."

"பாடமாக்கின சாட்சி எண்டு எழுதிப்போட்டினம்," என்றார் சிற்றம்பலம்.

"எழுதுறதில அவையிட்ட ஒரு குறையும் இல்லை," என்றார் குரு.

"அடுத்த மாதம் நாலாவது குழு வருகுது அம்மா. இவ எப்படிச் சொன்னால் நம்புவினம்?"

குரு இராசமலரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்குச் சொல்லு பிள்ளை. மகன் எப்படியானவன்?"

"பெயர் குகதாசன். வயது பத்தொன்பது. உயரம் ஐந்தடி ஆறங்குலம். இடது புருவத்தில் தழும்பு. கடைசியாகக் கண்ட நேரம் காலை ஒன்பது மணி."

"அது அவைக்கு. வீட்டில எப்படி இருப்பான்? உன்னோட என்ன கதைப்பான்?"

இராசமலர் வாயைத் திறந்தார். "வயது பத்தொன்பது," என்றார். நிறுத்தினார். கண்களை மூடிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "உயரம் ஐந்தடி..."

பிறகு சிற்றம்பலத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அது தாளில இல்லையே? நீங்கள் எழுதேல்லையோ?"

சிற்றம்பலத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குருவின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நாலாவது குழுவின்ர படிவம் வந்திருக்கு. அதில நான் என்ன எழுத?"

"இவவின்ர வீட்டில காணாமல் போனவை எத்தனை பேர் எண்டு கேட்டிருப்பினமே?"

"ஓம். ஒருவர் எண்டு நிரப்பிப்போட்டன்."

"ரெண்டு எண்டு திருத்தும்," என்றார் குரு.