சுவரோர நாற்காலி

உலக யுத்தம் முடிந்த கையோடு பொள்ளாச்சியில் கட்டிய ஓட்டு வீடு அது. மலிவாக விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, மில் கேன்டீனில் சமைக்கும் பூவாத்தாள் பார்க்கப் போனாள்.

"ஆம்பளை யாரையும் கூட்டிட்டு வரலியா?" என்றார் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார் நாச்சிமுத்து.

"கூட்டிட்டு வர யாருமில்லீங்க."

அவர் சிரித்தார். "உனக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்? பொழுது சாயறதுக்குள்ள இதுல ஒரு கொறை காட்டு, நீ கேக்கற விலைக்கே தர்றேன். இல்லேன்னா நான் சொல்றதுதான் விலை."

சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. ஒரு கீறல் தெரியவில்லை. பூவாத்தாள் ஜன்னல் வழியே மேற்கே பார்த்தாள். மேகம் கறுத்திருந்தது. தரையில் உட்கார்ந்து, "நீங்க உத்தியோகம் பார்த்த கதையைச் சொல்லுங்களேன்" என்றாள்.

சம்சாரம் போனபிறகு அவரிடம் யாரும் கதை கேட்டதில்லை. நடுக்கூடத்தில் நாற்காலியைப் போட்டு ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. ஓட்டின்மேல் மழை சடசடத்தது. பேச்சோடு பேச்சாக எழுந்து, நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார்.

"நடுக்கூடம் ஒழுகுமுங்களா?"

"எங்க ஒழுகுது? ஒரு சொட்டு காட்டு பார்க்கலாம்."

"எனக்குத் தெரியாதுங்க. உங்க நாற்காலிக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், அவர் முதலில் உட்கார்ந்திருந்த இடத்தில் சொட்டத் தொடங்கியது.

அவள் கேட்ட விலைக்கே வீடு முடிந்தது. குடிவந்தபின் பெய்த முதல் மழையில் கூடம் முழுக்க ஒழுகியது. சுவரோரம் ஒரு நாற்காலி போடத்தான் நனையாத இடம் இருந்தது. பூவாத்தாளிடமும் ஒரு நாற்காலிதான் இருந்தது.