நாக்கைப் பிடித்த பேத்தை

அந்தக் காலத்தில் மீன்களுக்கும் பேச்சு இருந்தது. அப்போது பேத்தை மீனுக்கு வயிறு உப்பத் தெரியாது, உடம்பில் நஞ்சும் கிடையாது. ஒல்லியான, சாதுவான மீன் அது.

அக்கரை கண்ணுக்கே தெரியாத எங்கள் தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் பாறை மேடு. படகு போய்வர அதில் ஒரே ஓர் இடைவெளிதான் உண்டு. காற்று கிளம்பினால் அதுவும் கண்ணில் படாது. பேத்தைதான் படகுக்கு முன்னால் நீந்தி வழி காட்டும். அதற்குப் பதிலாக அது கேட்டது ஒன்றே ஒன்று. அதன் குஞ்சுகள் வளரும் சின்னக் குடாவில் யாரும் வலை போடக் கூடாது. அதனால் தீவுப் பெண்கள் மீனை அறுக்கும் முன், "எந்தத் தண்ணி மீன்?" என்று கேட்பார்கள். பதில் வராமல் அரிவாள்மனையில் உட்கார மாட்டார்கள்.

ஊரைக் கெடுக்க நன்றி கெட்டவன் ஒருவன் போதாதா? சங்குமுத்து என்று ஒரு படகுக்காரன். அவன் மகளைப் பெண் பார்க்க அக்கரையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வெளிக்கடலில் அன்று மீன் படவில்லை. உள்ளதைச் சொல்லிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றியிருந்தால் யார் செத்துப்போவார்கள்? மானம் போய்விடுமாம். நேரே குடாவுக்குப் போய் வலையை விட்டான்.

தாய்ப் பேத்தை படகோரம் ஓடி வந்தது.

"அண்ணே, எல்லாம் என் குஞ்சுங்கண்ணே. போன புயல்ல உன்னைக் கரை சேர்த்தது நான்தானே?"

"அதுக்கு இப்ப என்ன? ஒரு விருந்துக்கு நாலு குஞ்சை எடுத்தா கடல் வத்திருமா? நீதான் வருசா வருசம் பெத்துப் போடுறியே!"

என்ன பேச்சு இது! சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தாய் தன் கோபத்தை விழுங்கியது. விழுங்க விழுங்க வயிறு பானை மாதிரி உப்பியது, உடம்பெல்லாம் முள் சிலிர்த்தது, விழுங்கிய கோபம் உள்ளே நஞ்சாக ஊறியது. துள்ளிப் படகுக்குள் விழுந்தது.

"என்னையும் கொண்டு போ" என்றது. மீன்கள் மனிதனிடம் பேசியது அதுதான் கடைசி.

வீட்டில் அவன் மனைவி பவளாச்சி கூடையை வாங்கிப் பார்த்தாள். "ஒரு பெருசைத் தவிர எல்லாம் குஞ்சா இருக்கே. எந்தத் தண்ணி மீனுங்க?"

"வெளிக்கடல்தான். அங்க குஞ்சு இருக்காதா? சட்டுனு அறு, வந்தவங்க பசியா இருக்காங்க."

அவள் நம்பி அறுத்தாள். விருந்தாளிகளுக்குக் குஞ்சுகளைப் போடச் சொல்லிவிட்டு, கொழுத்த தாய் மீனைத் தன் இலைக்கு ஒதுக்கிக்கொண்டான். அதிலும் பேராசை!

சோறு பாதியில் இருக்கும்போதே அவனுக்கு மட்டும் உதடு மரத்தது. அடுத்து நாக்கு. அதன் பிறகு கை கால். வைத்தியரைக் கூட்டிவர ஊரார் படகைத் தள்ளினார்கள். காற்று கிளம்பியிருந்தது. இடைவெளியைக் காட்ட ஒரு பேத்தையும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு திரும்பினார்கள்.

"ஏன் ஒண்ணுகூட வரல? உண்மையச் சொல்லுங்க, எந்தத் தண்ணி மீனு அது?" என்று பவளாச்சி அவனை உலுக்கினாள். அவன் கண் விழித்திருந்தது, காதும் கேட்டது. குடா என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமலே செத்தான்.

அன்று தொட்டுத்தான் பேத்தைக்கு மனிதன் கை பட்டால் வயிறு உப்புகிறது, தின்றவனுக்கு முதலில் நாக்கைப் பிடிக்கிறது. நாமோ அது வலையில் வந்தால் சனியன் என்று திட்டி மணலில் வீசுகிறோம். திட்டுவதற்கு நமக்கு இன்னும் நாக்கு இருக்கிறது.