ஈஸ்ட்டுப் பெரியவர்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் கொட்டாங்குச்சிமேடு என்று ஒரு ஊர். ஊருக்கெல்லாம் புத்தி பங்கு போட்ட அன்றைக்கு இந்த மூன்று அண்ணன் தம்பிகள் மட்டும் எங்கேயோ போயிருந்தார்கள் போலிருக்கிறது. மூத்தவன் கலிவரதன், நடுவில் தண்டபாணி, கடைசி நாகமுத்து. மூவரும் தங்கமானவர்கள். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

கலிவரதனுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெயர் பவுனாம்பாள். அவளைப் பார்த்த நாளிலிருந்து சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரிவதில்லை. ஆனால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவளுடைய தாய்மாமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், ஊரில் சொல்தா மாமா என்பார்கள்.

"அங்க இருந்தப்ப வீட்லயே காய்ச்சின பீர் குடிச்சேன். அது மாதிரி ஒரு கிளாஸ் குடுங்க, பதினெட்டாம் நாள் வந்து தாம்பூலம் மாத்திக்கறேன்," என்றார் மாமா. செய்முறை சொல்லி, ஒரு பொட்டலம் ஈஸ்ட்டும் கொடுத்தார். "இது பழசு. வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணியில எழுப்பிப் பாருங்க. எழுந்தா பானையில போடுங்க."

பார்லியைக் காய்ச்சி, வடித்து, பானையில் ஆறவைத்தார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு பொட்டலத்தை மணைமேல் படுக்கவைத்து, அதன் முகத்தில் சர்க்கரைத் தண்ணீரைத் தெளித்தார்கள்.

"ஈஸ்ட்டு, எழுந்திரு," என்றான் நாகமுத்து.

"பழசுன்னா வயசுல பெரியவருடா. மரியாதையாக் கூப்பிடு," என்றான் தண்டபாணி.

"ஈஸ்ட்டு அய்யா, எழுந்திரிங்க. காப்பி ஆறிப்போவுது."

அவர் அசையவில்லை. நாகமுத்து காதோரம் தட்டைத் தட்டிப் பார்த்தான். கடைசியில் பொட்டலத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டினான். "அண்ணே, எக்ஸ்பயரின்னு போட்டிருக்கு."

மூவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் வெளியே வந்து "எக்ஸ்பயர் ஆயிட்டாரு" என்றுதான் சொன்னார்.

"அப்ப வீட்ல சாவு விழுந்திருக்கு," என்றான் தண்டபாணி. "பதினாறு நாள் தீட்டு. பீர் கீர் எதுவும் செய்யக் கூடாது."

கலிவரதன் பொத்தென்று உட்கார்ந்தான். "பதினாறு போனா மீதி ரெண்டு நாள்ல பீர் எப்பிடிடா ஆவும்? பவுனு எனக்கு இல்லியாடா?" என்று கேட்டுவிட்டு அழுதான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

நாகமுத்து எட்டாவது வரை படித்தவன். பொட்டலத்தை இன்னொரு தரம் பார்த்தான். "அண்ணே, செத்த தேதியும் போட்டிருக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு. தீட்டு எப்பவோ கழிஞ்சிடுச்சு."

கலிவரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஆனால் தண்டபாணி விடுகிற ஆளா?

"அப்ப ரெண்டு தெவசம் பாக்கி. அந்தக் கோவத்துலதான் எழுந்திரிக்க மாட்டேங்கறாரு."

தெவசம் என்றால் செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். இவருக்குப் பிடித்தது சர்க்கரைத் தண்ணீர், அது மாமா வாயாலேயே வந்த சேதி. வெதுவெதுப்பாக ஒரு சொம்பு கலந்து இலையில் வைத்தார்கள். அவருக்கு வாய் எங்கே என்று தெரியாததால் பொட்டலத்தைக் கிழித்து ஆளையே சொம்புக்குள் இறக்கிவிட்டார்கள். பிறகு கொல்லையில் நின்று தொண்டை கட்டும்வரை காக்கையைக் கூப்பிட்டார்கள். காக்கை வரவில்லை. உள்ளே வந்து பார்த்தால் சொம்பு நுரைத்துப் பொங்கி இலையெல்லாம் வழிகிறது.

"எழுந்துட்டாரு," என்றான் கலிவரதன். மூவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்கள். எழுந்தவர் குளிக்க வேண்டாமா? பானையில் ஊற்றினார்கள்.

பதினெட்டாம் நாள் மாமா வந்தார். பெரியவரை அடியிலேயே விட்டுவிட்டு மேலாக ஊற்றினால் அவமரியாதை என்று பானையைக் கலக்கி வண்டலோடு ஊற்றினார்கள். ஒரு கிளாஸ் என்ற மாமா பானையைக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்.

"மாப்பிள்ளை பக்கம் இதை வாங்கிக்கப் பெரியவர் யாருப்பா?"

"இருந்தாரு மாமா," என்றான் கலிவரதன். "இப்பதான் அவரையும் சேத்துக் குடிச்சிட்டீங்க."

மாமா காலிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப அவரு என் வயித்துலயா இருக்காரு?"

"ஆமாம் மாமா."

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல," என்று மாமா தட்டைத் தரையில் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எதிரே மாப்பிள்ளை பக்கம் போய் உட்கார்ந்து, அதே தட்டை இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டார். பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, "அய்யாவுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது.

"சம்மதம்னுட்டாரு," என்று கலிவரதன் மாமாவின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.