நாலு பேருக்கு ஏற்ற கப்பல்

தென்காசிக்குப் பக்கத்தில் நெட்டூரணி. அந்த ஊர் பேண்டு செட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் பொதுவாக ஆண்டவன் ஒரே ஒரு மூளையைக் கொடுத்தான் என்றும், அதைப் பங்கு போடும்போது கைதவறிக் குளத்தில் விழுந்துவிட்டது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த நாலு பேரிடமே கேட்டால், "எந்தக் குளம்?" என்பார்கள்.

தலைவர் தவசிமுத்து கிளாரினெட் வாசிப்பார். அவர் மனைவியின் தம்பி சுடலைக்கண் டிரம்பெட். பெரிய டிரம் அடிப்பவன் பூதத்தான்; அதை அடித்து அடித்து அவனுக்குக் காது பாதிதான் கேட்கும். ஆயிரத்தான் என்பவன் ஜால்ரா. வாங்கிய வேலையைச் சொன்னபடி செய்வதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கஷ்டமும் அதுதான்.

ரைஸ்மில் பட்டுராஜன் வீட்டுக் கல்யாணத்தில், "மாப்பிள்ள வர்ற வரைக்கும் நிப்பாட்டப்பிடாது" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வந்த வேன் கயத்தாறில் படுத்துவிட்டது. இவர்கள் ஒன்பது மணி நேரம் வாசித்தார்கள். முன்னாலேயே பஸ்ஸில் வந்துசேர்ந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் பாயசத்தில் முந்திரி இல்லையென்று பெண்ணின் பெரியப்பாவைத் திட்டினார். பெரியப்பா பதிலுக்குத் தாய்மாமனின் மூன்று தலைமுறையைத் திட்டினார். பேண்டு சத்தத்தில் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. எதிராளி மன்னிப்புக் கேட்கிறார் என்று இருவருமே நினைத்துக்கொண்டு, கடைசியில் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டார்கள். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது.

பட்டுராஜன் நெகிழ்ந்து போனார். "ஏ தவசி, நீங்க நாலு பேரும் கப்பல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. செலவு என்னோடது. எந்தக் கப்பல்னு நீங்களே பாத்துக்கிடுங்க. ஆனா நாலு பேரும் ஒரே கப்பலைச் சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லல்லன்னா, எம் பொஞ்சாதி அவ தங்கச்சி வீட்டு ஆளுகளை அனுப்பிருவா."

தவசிமுத்துவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. முப்பது வருஷமாக அவர் மற்றவர்களின் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தவர். மாப்பிள்ளை காரில் வருவார், சாமி சப்பரத்தில் வரும், செத்தவர்கூடப் படுத்துக்கொண்டு வருவார். தவசிமுத்து மட்டும் நடப்பார். ஒரே ஒரு தடவை, உட்கார்ந்தபடியே எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் நாலு பேரும் திருநெல்வேலிக்குப் போய், கப்பல் பயணம் ஏற்பாடு செய்யும் ஆபீசில் உட்கார்ந்தார்கள். அங்கே ஜெசிந்தா என்று ஒரு பொண்ணு. பொறுமைசாலி. அன்றைக்குக் காலை வரையில்.

"அண்ணாச்சி, கப்பல் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. ஆளுக்குத் தக்கன கப்பல். பிள்ளைகுட்டியோட போறவங்களுக்கு 'கடலரசி'. ஆட்டம் பாட்டம், சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் உண்டு. சாப்பாட்டுப் பிரியர்களுக்கு 'அன்னலட்சுமி'. இருவத்தி நாலு மணி நேரமும் சாப்பாடு. அமைதி வேணும்கிறவங்களுக்கு 'நீலாம்பல்'. ஊசி விழுந்தாக்கூடச் சத்தம் கேக்கும். நீங்க எந்த மாதிரி ஆளுங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அதுக்கு முன்னால, கடல் உங்களுக்கு ஒத்துக்கிடுமான்னு பாத்துக்கிடுங்க. அது ரொம்ப முக்கியம்."

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"இருவத்தி நாலு மணி நேரமும் சாப்பாடுன்னா, எப்பம் தூங்க?" என்று கேட்டான் ஆயிரத்தான்.

"தூங்க முடியாது. ஏத்துக்கிட்டா சாப்பிட்டுத்தான் ஆகணும்," என்றார் தவசிமுத்து.

"ஆளுக்கு ஆறு மணி நேரம்னு முறை வச்சிக்கிடுவோம் அத்தான்," என்றான் சுடலைக்கண். "ஒருத்தன் சாப்பிடட்டும், மூணு பேர் தூங்கட்டும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்றே பரீட்சை. முதல் முறை பூதத்தானுக்கு. பரோட்டாக் கடையில் பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தான். இரண்டே காலுக்கு, "அண்ணே, இது மனுசன் செய்ற வேலையில்ல," என்று சொல்லி பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டான். அன்னலட்சுமி போயிற்று.

அடுத்தது அமைதிக் கப்பல். ஊசி விழும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க ஒரு பாக்கெட் ஊசி வாங்கினார்கள். தவசிமுத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆயிரத்தான் ஓர் ஊசியைக் கீழே விட்டான்.

"கேட்டுச்சா?"

"இல்ல. இன்னொண்ணு போடு."

இப்படிப் பாக்கெட் காலியாயிற்று. ஒரு சத்தமும் இல்லை. "ஊசியைப் பொறுக்கி, திரும்பப் போடுவோம்" என்று சுடலைக்கண் வெறுங்காலோடு எழுந்தான். ஊசி விழுந்த சத்தம்தான் கேட்கவில்லை. மிதித்த சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது.

"இப்பக் கேட்டுச்சு," என்றான் பூதத்தான், திருப்தியோடு.

ஆனால் அது அமைதியில் சேருமா, சேராதா என்று வாதம் வந்தது. சுடலைக்கண் காலைப் பிடித்துக்கொண்டே, "நீலாம்பல்னு இனி எவனாவது சொன்னா நான் வரல்ல," என்று தீர்ப்புச் சொன்னான். நீலாம்பலும் போயிற்று.

மிச்சம் கடலரசி. அதற்குப் பிள்ளைகுட்டி வேண்டும். "நமக்கு அம்மாவும் அப்பாவும் இருந்தாங்கல்லா? அப்பம் நாமளும் பிள்ளைகதானே?" என்றான் ஆயிரத்தான். மூன்று பேரும் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள். முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு காரியம் பாக்கி. கடல் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"நாம மட்டும் சரின்னு சொன்னாப் போதுமா? அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். அதான் முறை," என்றார் தவசிமுத்து. "வெறுங்கையோட போய்க் கேக்கவும் பிடாது."

ஆகவே வியாழக்கிழமை காலை வெள்ளை வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு பழம் வைத்துத் திருச்செந்தூர் கடற்கரையில் போய் நின்றார்கள். தவசிமுத்து கடலை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். இத்தனை தண்ணீரை யார் எதற்காகக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று நினைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண் கேட்கிற குரலில் பேசினார்.

"நாங்க நெட்டூரணி. தொழில் பேண்டு செட்டு. எங்க நாலு பேரையும் கப்பல்ல வச்சு ஒம் மேல கூட்டிட்டுப் போகப் போறாங்க. ஒனக்குச் சம்மதமா?"

தாம்பாளத்தை ஈர மணலில் வைத்தார். அலை ஒன்று வந்து, தாம்பாளத்தோடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நாலு பேரும் கைகூப்பினார்கள். அடுத்த அலை வெறும் தாம்பாளத்தைக் கொண்டுவந்து காலடியில் போட்டது.

"ஐயையோ அண்ணே, தட்டைத் திருப்பிட்டு!" என்றான் ஆயிரத்தான். "சம்பந்தம் பிடிக்கல்ல போல."

"ஏ கூறுகெட்டவனே," என்றார் தவசிமுத்து. "பழத்தையும் வெத்தலையையும் எடுத்துக்கிட்டு, தட்டை மட்டும் திருப்பித் தருது. நல்ல குடும்பத்துப் பழக்கம்லா இது!"

கடல் ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் அங்கேயே ஒரு கல்யாணப் பாட்டு வாசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் ஜெசிந்தாவிடம் போய்ச் சொன்னார்கள். "கடல்கிட்டக் கேட்டாச்சு தாயி. அதுக்குச் சம்மதம்."

ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே நல்லது என்று அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. பட்டுராஜனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அவர் செலவில் கடலரசிக்கு நாலு டிக்கெட் போட்டாள். மூன்று நாள் பயணம். சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்க வேண்டும்.

"கப்பலை எப்படி அடையாளம் கண்டுபிடிக்க?" என்று கேட்டார் தவசிமுத்து.

"அதைத் தவறவிட முடியாது அண்ணாச்சி. பெருசா, வெள்ளையா இருக்கும். வரிசையாக் கண்ணாடி ஜன்னல். உள்ள குளுகுளுன்னு இருக்கும், கீழ கம்பளம் விரிச்சிருக்கும். வாசல்லயே யூனிபார்ம் போட்ட ஆள் உங்க பையை வாங்கிக்கிடுவாரு. நீங்க போய் உக்காந்தாப் போதும்."

உட்கார்ந்தால் போதும்! தவசிமுத்து அந்த வார்த்தையை ஊர் போகிற வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

சென்னையில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் ஏறியதும் நாலு பேரும் தூங்கிவிட்டார்கள். கண்விழித்துப் பார்த்தால் எதிரே பெருசா, வெள்ளையா, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். வாசலில் யூனிபார்ம் போட்ட ஆள் பைகளை வாங்கிக்கொண்டார். வேறொருவர் டிக்கெட்டைப் பார்த்து, "உள்ளே போய் உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்றார். உள்ளே குளுகுளு. கீழே கம்பளம்.

அது பயணிகள் காத்திருக்கும் கூடம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றியிருக்காது.

"எவ்வளவு கெட்டியாக் கட்டிருக்கான் பாரு, ஒரு ஆட்டம் இல்ல," என்றான் சுடலைக்கண், தரையை மிதித்துப் பார்த்து.

கண்ணாடி ஜன்னலோரமாக நாலு நாற்காலி கிடைத்தது. எதிரே பல மாடிகளோடு இன்னொரு கட்டடம் நின்றது. "அது ஓட்டலா இருக்கும்," என்றான் ஆயிரத்தான். மற்றப் பயணிகளெல்லாம் வரிசையாக அந்த ஓட்டலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கப்பல் கெளம்பப் போற நேரத்துல சாப்பிடப் போறாங்க. கூறுகெட்ட ஜனங்க," என்று பரிதாபப்பட்டார் தவசிமுத்து.

ஒலிபெருக்கி பேசியது: "இன்னும் கப்பலில் ஏறாத பயணிகள் உடனே ஏறவும்."

"பாத்தியா, இன்னும் எவனோ ஏறல்ல," என்றான் சுடலைக்கண். "இப்படிப்பட்ட ஆளுகளாலதான் எல்லாருக்கும் லேட்டு."

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது: "தவசிமுத்து, சுடலைக்கண், பூதத்தான், ஆயிரத்தான்."

பள்ளிக்கூடத்துப் பழக்கம். நாலு பேரும் கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா!" என்றார்கள். பூதத்தான் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சொன்னான். ஒலிபெருக்கி விடாமல் மூன்று தடவை கூப்பிட்டது. மூன்று தடவையும் இவர்கள் ஆஜர் கொடுத்தார்கள்.

"எந்திரிச்சுப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா அண்ணே?" என்றான் ஆயிரத்தான்.

"எந்திரிக்காத! ஒரு பக்கமாப் போனா கப்பல் சாஞ்சிரும்."

அப்போது ஒரு பெரிய சங்கு ஊதியது. எதிரேயிருந்த ஓட்டல் மெல்ல, மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது.

"கெளம்பிட்டோம்!" என்று கத்தினான் பூதத்தான். "அந்தா பாருங்க, ஓட்டல் பின்னால போகுது!"

ஓட்டலின் மாடிகளில் நின்றவர்கள் கையசைத்தார்கள். இவர்களும் அசைத்தார்கள். "பாவம், சாப்பிடப் போனவங்க அப்படியே தங்கிட்டாங்க," என்றான் சுடலைக்கண்.

தவசிமுத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கால் இரண்டும் தரையில் சும்மா கிடந்தன. நாம் நடக்கவில்லை, ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறோம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி சிரித்தார். அவருக்குத் தெரிந்து அவ்வளவு சுகமாக இதுவரை யாரும் பயணம் செய்தது கிடையாது.

மதியத்துக்கு மேல் துடைப்பத்தோடு ஓர் அம்மாள் வந்தாள். "இன்னாபா, இன்னும் இங்கயே குந்தினுகீறீங்க? எல்லாரும் பூட்டாங்க. கதவ மூடணும், வெளிய போங்க."

"அதுக்குள்ள வந்துட்டோமா!" என்று எழுந்தார் தவசிமுத்து. நாலு பேரும் அந்த அம்மாளைக் கும்பிட்டு, "கப்பலை ரொம்பப் பதமா ஓட்டுனீங்க தாயி," என்று சொல்லிவிட்டுப் பின்பக்க வாசல் வழியாக வெளியே வந்தார்கள். பைகள் பிறகு வந்துசேரும் என்று முடிவு செய்துகொண்டார்கள். அவை அந்நேரம் கடலரசியில் நல்ல அறையில் இருந்தன. மூன்று நாளும் அவைதான் கடல் பார்த்தன.

வெளியே வெயில், பஸ், கூட்டம். நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கப்பலை விட்டு இறங்கினால் அந்நிய தேசம் அல்லவா!

"அண்ணே," என்று குரலைத் தாழ்த்தினான் ஆயிரத்தான். "இங்கயும் தமிழ் பேசுதாங்க."

தவசிமுத்து நின்று காதுகொடுத்துக் கேட்டார். "தமிழ்தான். ஆனா கொஞ்சம் இழுக்காங்க. அயல் நாட்டுல பொறந்தும் இவ்வளவு தூரம் படிச்சிருக்காங்களே, அதைச் சொல்லு!"

ஒரு கடையில் இட்லி கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் இட்லி சுடுவதைப் பார்த்துப் பெருமைப்பட்டு, கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் நாலு இட்லி கூடுதலாக வைத்தார். நல்ல நாடு. ஆனாலும் சாயங்காலம் ஆனதும் தவசிமுத்துவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நடந்து நடந்து, கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பெரிய ரயில் நிலையத்துக்குள் போனார்கள். பலகையைப் பார்த்த சுடலைக்கண் அப்படியே நின்றுவிட்டான்.

"அத்தான்! தென்காசின்னு போட்டிருக்கு! இங்கயிருந்து நம்ம ஊருக்கு நேரா ரயில் விடுதான்!"

தவசிமுத்து மார்பில் கைவைத்துக்கொண்டார். உடனே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"தாயி, இனிமே பிள்ளைகுட்டிக்காரங்க வந்தாலும் சரி, சாப்பாட்டுப் பிரியர் வந்தாலும் சரி, அமைதி வேணும்னு எவன் வந்தாலும் சரி, ஒரே பதில் சொல்லிரு. கப்பலே வேண்டாம். வெளிநாட்டுக்கு ரயில் இருக்கு."

அந்தப் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி.

ரயில் கிளம்புகிற நேரம் ஆயிரத்தானுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணே, கடலுக்குள்ளதானே ரயில் போகும்? தண்ணி உள்ள வராதா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜன்னலைச் சாத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். எதிர் சீட்டில் இருந்தவர் எவ்வளவோ கேட்டும் ஒருவரும் காலைக் கீழே விடவில்லை.

காலையில் தென்காசி வந்தது. பூதத்தான் முதலில் குனிந்து வண்டியின் தரையைத் தொட்டான். பிறகு உள்ளங்காலைத் தடவினான். பிறகு விரலை நக்கிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு உப்புத் தண்ணி இல்ல அண்ணே," என்றான். "ரயிலை ஓட்டினவன் ராத்திரி முழுக்க நனைஞ்சுக்கிட்டே தண்ணியை இறைச்சிருப்பான் போல."

நாலு பேரும் இறங்கியதும் நேராக எஞ்சினுக்கு முன்னால் போய், டிரைவருக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தார்கள், தலை துவட்ட.