தாருக்கு அடியில் ஒரு பெயர்

மூடுபனி தன் இஷ்டத்துக்கு வந்து போகும் ஒரு மலையூரில் ஒரு தகரப் பலகை இருந்தது. ஒரு காலத்தில் அது டீக்கடையின் பெயர்ப்பலகை. சிவப்புச் சாயத்தில் ஐந்து எழுத்துகள் அதில் நெருக்கியடித்துக் குடியிருந்தன: பு, ஷ், ப, ரா, ணி. கடைக்காரர் தன் ஒரே மகளின் பெயரைக் கடைக்கு வைத்திருந்தார்.

இரண்டு மொழி புழங்கிய தெரு அது. ஒரு மொழியில் இன்னும் கொஞ்சம் சீனி கேட்பார்கள், இன்னொரு மொழியில் டீ ஆறிப்போச்சு என்று சண்டை பிடிப்பார்கள். எழுத்துகளுக்கு இரண்டும் புரியும்.

பிறகு ஒரு நாள் கீழ்ரோட்டில் புகை எழுந்தது. தடியும் பெட்ரோல் கேனுமாக ஒரு கூட்டம் மேலே ஏறி வந்தது. எந்தக் கடையைக் கொளுத்துவது, எதை விடுவது என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். எழுத்து தெரிந்தவர்களை முன்னால் விட்டிருந்தார்கள். படிப்பு அன்றைக்கு அதற்கும் பயன்பட்டது.

கூட்டம் வருவதற்குச் சற்று முன்னால், பனிக்குள்ளிருந்து ஒரு கறுத்த கை நீண்டு வந்தது. கையை மட்டும்தான் எழுத்துகள் பார்த்தன. அது வெதுவெதுப்பான தாரை அள்ளி அள்ளி அவற்றின் முகத்தில் அப்பியது. அதோடு அவற்றுக்கு உலகம் இருண்டது.

அதற்கப்புறம் எத்தனையோ மழை. கடை கைமாறியது. பலகை ஒரு கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருந்தது, பிறகு பழைய இரும்புக் கடையில் வந்து சாய்ந்தது. எழுத்துகள் இருட்டுக்குள் இருந்து தாரைத் திட்டிக்கொண்டே இருந்தன. தார் லேசில் பதில் பேசாது. அது சாலை போடக் கொண்டுவந்த பீப்பாயில் பிறந்தது, பேசிப் பழக்கமில்லை.

எப்போதாவது கடைசி எழுத்தான ணி விடாமல் நச்சரிக்கும். "யாரு உன்ன அனுப்பினது? அதையாவது சொல்லு."

"பேரு தெரியாது. கை தெரியும்" என்று தார் சொல்லும். "மறைச்சு வைன்னு சொல்லி அள்ளினாரு. மறைச்சு வச்சிருக்கேன். திரும்ப வந்து கைய வைப்பாரு. அப்ப விட்டுடுறேன்."

"பாரேன், கொலைகாரனுக்குக் காவல் இருக்கிற அழகை" என்று மற்ற எழுத்துகள் காறித் துப்பும்.

பழைய இரும்புக் கடைக்கு ஒரு நாள் சுகிர்தாவும் ருவனும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு மொழி. இருவரும் சேர்ந்துதான் எதையும் செய்வார்கள், செய்யும்போது ஓயாமல் சண்டை போடுவார்கள். அவர்கள் படம் வரைகிற கலைஞர்கள் இல்லை. கலவரம் நடந்த ஊர்களுக்குப் போய், மிஞ்சிய சாமான்களைக் கேட்டு வாங்கி, ஓர் அறைக்குள் வைத்து, சனங்களை உள்ளே கூப்பிடுவார்கள். வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. கருகிய தொட்டிலை ஆட்டிவிட வேண்டும். நொறுங்கிய ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலர் பாதிப் பாட்டில் வெளியே போய்விடுவார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சாமானையும் அதன் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, கதையைக் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் அறைக்குள் வைப்பார்கள். இந்தப் பலகைக்கு யாரும் அகப்படவில்லை. இரும்புக் கடைக்காரருக்கு அது வெறும் தகரம்.

"கேட்க ஆளில்லாம எப்படி ருவன் எடுக்கிறது?" என்று சுகிர்தா தயங்கினாள்.

"கேட்க என்ன இருக்கு? பார்த்தாலே தெரியுதே" என்றான் ருவன். "எங்க ஆளுங்க செஞ்ச வேலை. ஒரு பேரை இப்படிக் கரியாக்கி வச்சிருக்காங்க. இதை நான்தான் சுரண்டணும்."

அவன் பலகையை நிமிர்ந்து பார்க்காமலே பேசினான். அவன் சின்ன வயதிலிருந்து சுமக்கிற வெட்கம் அது. அதைப் பார்த்த பிறகு சுகிர்தாவுக்கு மறுக்க மனசு வரவில்லை. தார் அப்போது "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லத்தான் செய்தது. தாரிடம் யார் கேட்பார்கள்?

ஊரின் பழைய மண்டபத்தில் அறை தயாரானது. கூரைக்குக் கீழே ஒரு தகரத்தைக் கட்டி, அதன் மேல் தண்ணீர் சொட்டவிட்டார்கள், மழை பெய்கிற மாதிரி. நடுவில் கம்பிகளில் பலகை தொங்கியது. பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு. பக்கத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி, ஒரு தட்டு நிறைய டீக்கரண்டி. வருகிறவர்கள் துணியால் தாரை இளக்கி, கரண்டியால் கொஞ்சம் சுரண்ட வேண்டும். சுவரில் சுகிர்தா இரண்டு மொழியிலும் எழுதினாள்: "ஒரு பெயரை அழித்தார்கள். வாருங்கள், சேர்ந்து மீட்போம்."

முதல் நாளே நல்ல கூட்டம். சனங்கள் வரிசையில் நின்று சுரண்டினார்கள். ருவன் எல்லோரையும்விட அழுத்திச் சுரண்டினான்.

முதலில் பு வெளியே வந்தது. வெளிச்சம் பட்டதும் திக்குமுக்காடிப் போனது. "அடேயப்பா, எத்தனை மூஞ்சி!" என்று கூவியது. பிறகு ஷ் வந்தது, ப வந்தது. சாயங்காலத்துக்குள் ராவும் வந்துவிட்டது. சனங்கள் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். தரையில் கறுப்புச் சுருள்கள் குவிந்தன. அவற்றை ஒருவர் செருப்பால் ஒதுக்கித் தள்ளினார்.

கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் போன பிறகு, தட்டில் கிடந்த ஒரு கரண்டி பேச்சை ஆரம்பித்தது.

"எனக்கு மனசே சரியில்ல. சீனி கலக்கப் பொறந்தவன் நான். என்னைக் கொண்டு ஆள் தோலை உரிக்கச் சொல்றாங்க."

"உரி, நல்லா உரி" என்றது பு. "அவன் எங்களை மூடினப்போ நாங்க துடிச்ச துடிப்பு உனக்குத் தெரியாது."

"என் முறை எப்போ வரும்?" என்று இருட்டுக்குள்ளிருந்து ணி கேட்டது.

"நாளைக்குக் காலைல" என்றது கரண்டி. "அந்த ருவன் தம்பி உன்கிட்டதான் முதல்ல வரப்போறாரு. ஆனா அங்க ஏதோ பள்ளமும் மேடுமா இருக்கு. அஞ்சு விரல் வச்ச மாதிரி."

தாருக்கு அது ஏனென்று தெரியும். ணியின் மேல்தான் அந்தக் கை கடைசியாக அழுந்தியிருந்தது. பெஞ்சியில் ஏறி எட்டிப் பூசியவர், இறங்கும்போது பிடிமானத்துக்கு அங்கேதான் உள்ளங்கையை ஊன்றினார். ரேகை, தழும்பு, சுண்டுவிரலின் கோணல், எல்லாம் தாருக்குள் அப்படியே உறைந்திருந்தன. அவர் வரும்போது அடையாளம் காட்ட வேறென்ன இருக்கிறது? அதுவும் நாளைக் காலை தரையில் சுருளாகிவிடும்.

உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக மூடுபனி உள்ளே வந்தது. அது எல்லா அறைக்குள்ளும் இப்படித்தான் கேட்காமல் வரும். விளக்கைச் சுற்றி வந்து, பலகையைத் தடவிப் பார்த்தது.

"நீயா?" என்றது. "உன்ன எனக்குத் தெரியுமே."

"அந்தக் கையை எங்கயாவது பார்த்தியா?" என்று தார் கேட்டது. வாழ்க்கையில் அது வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி.

மூடுபனி விளக்கை இன்னொரு முறை சுற்றி வந்தது. தகரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தக் கை இனி வராது" என்றது கடைசியில். "அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். நான் இன்னும் கொஞ்சம் கெட்டியா இறங்கியிருக்கலாம்." பிறகு தாரின் காதோரம் வந்து, "ஆனா அவருக்கு ஒரு மகள் இருக்கா. மேல் தோட்டத்துல, பிள்ளைக் காம்பராவுல, கொழுந்து பறிக்கப் போறவங்களோட பிள்ளைகளைப் பார்த்துக்கிறா. உன் வாசனையில ஒரு பிடி குடு" என்றது.

விளக்கின் சூட்டிலும் மண்ணெண்ணெயிலும் தார் இளகி, பழைய வாசனை திரும்பியிருந்தது. மூடுபனி அதை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனது. தேயிலைச் சரிவுகளில் ஏறி, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தாண்டி, விடியும் நேரத்தில் ஒரு கதவிடுக்கு வழியாக நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தருகே மடியை அவிழ்த்தது.

புஷ்பராணி கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாள். தோட்டத்தில் எங்கேயும் ரோடு போடவில்லை. இருந்தும் தார் வாசனை. அன்றைக்குக் காம்பராப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, வாசனை போன வழியே நடந்தாள். பனி முன்னால் போக, அவள் பின்னால் போனாள். அது அவளை மண்டபத்து வாசலில் விட்டுவிட்டுக் கலைந்தது.

உள்ளே அப்போதுதான் சனம் சேர்ந்துகொண்டிருந்தது. ருவன் துணியைப் பிழிந்துவிட்டுக் கரண்டியை எடுத்தான். ரா வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அவன் கரண்டியின் முனை, ணியை மூடியிருந்த தாரின் மேட்டைத் தொட்டது.

"ஐயோ தம்பி, அங்க வேணாம்!"

எல்லோரும் திரும்பினார்கள். பழைய சேலையில், காலெல்லாம் சேறாக ஒரு பெண், அந்த மேட்டில் பதிந்திருந்த விரல்களையே பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, பயப்படாதீங்க" என்று சுகிர்தா கிட்டே போனாள். "இது ஒரு கடையோட பேரு. கலவரத்துல அழிச்சிட்டாங்க. நாங்க அதை வெளிய கொண்டுவர்றோம்."

"தெரியும் புள்ள. அது எம் பேரு."

ருவன் கரண்டியைப் பிடித்தபடியே நின்றான்.

"இந்தத் தார பூசினது எங்கப்பா" என்றாள் புஷ்பராணி.

ஒரு கணம் ருவனின் முகம் தெளிந்தது. அவனால் அதை அடக்க முடியவில்லை. "அப்ப எங்க ஆளுங்க பூசலையா அம்மா?"

"அவங்க பூசல." அவள் அவனைப் பார்த்தாள். கோபமில்லாமல்தான் பார்த்தாள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "என்னைச் சீனி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிட்டு, வெளிய ஓடி, ரோட்டுப் பீப்பாயில இருந்து வெறுங்கையால அள்ளிப் பூசினாரு. பூசிட்டு உள்ள வந்தாரு. நான் அழுதுக்கிட்டு இருந்தேன். கையெல்லாம் தாரு, புள்ள மேல ஒட்டிக்கும்னு முழங்கையால என் கன்னத்தைத் தொட்டாரு. கையக் கழுவிட்டு வந்து தூக்கிக்கிறேன்டான்னு சொல்லிட்டு, தண்ணி கொட்டுற பீலிக்குப் போனாரு. தண்ணியில தார் போகுமா தம்பி?"

ருவன் கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"பீலிக்கரையில பிடிச்சுட்டாங்க. கையக் காட்டுன்னாங்க. எந்தப் பலகையில பூசினே, எந்தக் கடை உன்னுதுன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. எனக்குக் கடைச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டுச்சு. அவரு சொல்லவே இல்ல."

ருவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சுகிர்தா சுவரில் தான் எழுதியிருந்ததைப் பார்த்தாள், பிறகு பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். "கேட்காம எடுத்துட்டோம்மா" என்றாள்.

புஷ்பராணி பலகைக்குக் கிட்டே போனாள். தொங்குகிற தகரத்தை ஒரு கையால் ஆடாமல் பிடித்தாள். தாரின் மேட்டில் உள்ளங்கையின் குழி தெரிந்தது, ஐந்து விரலும் தெரிந்தன, சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாக. அவள் தன் கையை அதில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, மெதுவாகக் கன்னத்தை வைத்தாள். விளக்குச் சூட்டில் தார் வெதுவெதுப்பாக இருந்தது.

தாருக்கு ஒன்றும் புரியவில்லை. அது எதிர்பார்த்தது ஒரு கையை. வந்தது ஒரு கன்னம். ஆனால் அந்தக் கை கழுவப் போனது இதைத் தொடத்தான் என்று, அதற்கு மெல்ல மெல்ல விளங்கியது.

"சுரண்டின வரைக்கும் போதும்" என்றாள் அவள், முகத்தை எடுக்காமலே. "எம் பேரு எனக்குத் தெரியும். எங்கப்பா கைதான் வேற எங்கயும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வரிசையில் நின்றவர்கள் கரண்டியும் கையுமாக, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை கரண்டி வச்சிருக்கீங்களே, சீனி இருக்கா?" என்று கேட்டாள். "யாராவது அடுப்பு மூட்டுங்க. பாலில்லாட்டியும் பரவால்ல, பிளேன்டீ ஊத்தறேன். டீக்கடைக்காரர் மக நான்."

ருவன் எழுந்து ஓடினான். சுகிர்தா நாற்காலியில் ஏறி, சுவரிலிருந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்தாள். அங்கே வேறு எதுவும் எழுதவில்லை. கரண்டிகள் மண்ணெண்ணெய் வாசனை போகச் சாம்பல் போட்டுத் தேய்க்கப்பட்டு, கோப்பைகளுக்குள் இறங்கிக் கலகலவென்று பேச ஆரம்பித்தன. இரண்டு மொழியிலும் இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார்கள்.

சத்தம் கேட்டு, பு கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. "ஏய் ணி, நீதான் பாக்கி. தாருகிட்ட சொல்லிட்டு வெளிய வந்துடேன். இங்க வெளிச்சமா இருக்கு" என்றது.

"நானே வேணும்னா விட்டுடுறேன்" என்று தாரும் மெதுவாகச் சொன்னது.

ணி இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"கைய எடுத்துடாத" என்றது.